சம்பந்தி அறைக் கதவில் ‘சா’

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவனிடம் கல்யாண வேலை எதையும் கொடுக்கக் கூடாது. பந்தியில் தண்ணீர் ஊற்றச் சொன்னால்கூட அதைச் சுலபமாக்க ஒரு வழி கண்டுபிடித்துத் தொலைப்பான். நானே சாட்சி.

அக்காவின் கல்யாணம் மாமல்லபுரத்தில். படாளத்து மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே வந்து லாட்ஜில் தங்குவதாக ஏற்பாடு. அறைக் கதவுகளில் பெயர் ஒட்டுவது என் பொறுப்பு. கையால் எழுதியிருந்தால் டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கும். (எழுதுவேனா?)

அப்பா அனுப்பிய ஃபைலில் வரிக்கு வரி பெயர், உறவு, அறை எண் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் வேண்டிய துண்டை மட்டும் நறுக்கித் தர ‘கட்’ என்றொரு கட்டளை உண்டு. பெயரை மட்டும் எடு, ஸ்டிக்கர் சின்னது, முதல் ஆறு எழுத்தோடு நிறுத்து என்று உத்தரவிட்டேன். வந்ததைத் திறந்துகூடப் பார்க்காமல் பிரிண்ட் கடைக்கு அனுப்பினேன். லாட்ஜ்காரர்கள் ஒட்டிவிடுவார்கள் என்று மீன் வறுவல் சாப்பிடப் போய்விட்டேன்.

அந்தக் கட்டளை எண்ணியது எழுத்தை அல்ல, கம்ப்யூட்டரின் குட்டி அளவான பைட்டை. ‘சா’ என்ற ஓரெழுத்தே ஆறு பைட்டைத் தின்றுவிடும்.

திரும்பி வந்தபோது வராந்தாவில் மாப்பிள்ளையின் அப்பா சாமிநாதன் தன் அறைக் கதவைப் பார்த்தபடி நின்றார். கதவில் ‘சா’. பக்கத்து அறை அவர் தம்பி போஸுக்கு. அதில் ‘போ’.

“இன்னா சம்பந்தி,” என்றார் அப்பாவிடம், மெதுவாக. “பொட்டிய கூட எறக்கல. அதுக்குள்ள சாவ சொல்றீங்க?”

நான் பைட் கணக்கை விளக்க ஆரம்பித்தேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.) நான் விளக்க விளக்க, போஸ் வேன் டிரைவருக்குப் போன் போட்டு வரச் சொல்லிவிட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அக்கா அழத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அவர்களுடைய தங்கை வாசுகி தன் அறையைக் கண்டுபிடித்தார். அதில் ‘வா’.

“என்ன மட்டும்தான் வான்னு கூப்ட்டுகீறாங்க,” என்றார். “நான் இருந்து சாப்ட்டுட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் கெளம்புங்க.”

முதலில் சிரித்தது போஸ். சாமிநாதன் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வந்த வேன் வெறுமனே திரும்பிப் போனது.

சம்பந்தி இன்றைக்கும் அப்பாவுக்குப் போன் செய்தால் “சா பேசறேன்” என்றுதான் ஆரம்பிக்கிறார். அக்காவுக்குப் பெண் பிறந்தபோது, யார் என்ன பெயர் சொன்னாலும் முதல் எழுத்தைத் தனியாக உச்சரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“கொழந்தையோட மாமன் நாளைக்கு எங்கியாவது வெட்டி ஒட்டுவான். அப்பவும் நல்லா இருக்கணும்.”

பூவிழி என்று பெயர் வைத்தார்கள்.