க்ளூஜில் மழை குறைவு

பால்கனியில் இருந்த ஊறுகாய் ஜாடியில் நான்கு விரற்கடை மழைத் தண்ணீர். ஹொரியா அதில் மூன்றைப் பூந்தொட்டியில் கொட்டினார். நோட்டில் "ஜூன் 9: ஒரு விரற்கடை" என்று எழுதிவிட்டு அலுப்போடு உட்கார்ந்தார்.

ஓய்வு பெற்ற நாளிலிருந்து மனைவி ஸ்மரந்தாவுக்கு ஒரே பாட்டு. இந்த க்ளூஜ் நகரத்தின் குளிரும் மழையும் முழங்காலுக்கு ஆகவில்லை, கடலோரக் கான்ஸ்தான்சாவில் தன் தங்கை அக்லயாவோடு போய் இருந்துவிடலாம் என்பாள்.

ஹொரியாவுக்கு அக்லயா என்றாலே கிலி. இரண்டு ஜன்னல்கள் ஒருசேரத் திறந்திருந்தால் குறுக்குக் காற்று ஆளைக் கொன்றுவிடும் என்பது அவள் கட்சி. ஆகஸ்ட் புழுக்கத்திலும் வீட்டை அடைத்துவிட்டு, அவர் தலையில் கம்பளித் தொப்பியை மாட்டுவாள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். ஒரு வருஷம் இரண்டு ஊரிலும் ஜாடியும் வெப்பமானியும் வைப்பது; எந்த ஊர் வானிலை உசத்தியோ அங்கே வாசம். ஞாயிறுதோறும் அக்காவும் தங்கையும் தொலைபேசியில் கணக்கை ஒப்பித்துக்கொண்டார்கள்.

ஜூலையில் ஜாடியைக் கொட்டும்போது ஹொரியாவின் கை சற்று நீண்டுவிட்டது. மாதம் முழுக்க இரண்டே விரற்கடை.

"ஏங்க, இது என்ன ஊரா, பாலைவனமா? அங்கயே போயிடலாம் போலருக்கே" என்றாள் ஸ்மரந்தா.

பதறிப்போய் ஆகஸ்டில் குழாய்த் தண்ணீரைச் சேர்த்தார். உடனே அவள் முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். அதன் பிறகு பார்த்துப் பார்த்துக் கொட்டினார்.

ஜனவரியில் பால்கனி வெப்பமானியை, வெளியே நீட்டியிருந்த சமையலறைப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் மாட்டினார். அது பதினாறு டிகிரி காட்டியது. அதைப் பார்த்ததுமே ஸ்மரந்தாவுக்கு முழங்கால் வலி பாதி போய்விட்டது.

"வெளியிலயே பதினாறு. உள்ள எதுக்குங்க இத வேற எரிச்சுக்கிட்டு?" என்று அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை மூடிவிட்டாள்.

மூன்று ஸ்வெட்டர் போட்டும் ஹொரியாவுக்குப் பல் தந்தியடித்தது. பத்து நாள் காய்ச்சல். புழுக்கத்தால் வந்தது என்று சாதித்தார். பொய்யைக் காப்பாற்றுவது இந்த வயதில் எவ்வளவு பெரிய உழைப்பு என்று அவருக்கு அழுகையே வந்தது.

மே கடைசியில் ஸ்மரந்தா ஹொரியாவின் நோட்டையும், தங்கை சொன்ன கணக்கைத் தான் எழுதிவந்த நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"சரிங்க, நம்ம ஊருதான் நல்லாருக்கு. நாம எங்கயும் போக வேண்டாம்."

ஹொரியா நாற்காலியில் சாய்ந்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டார். தொலைபேசி மணி அடித்தது. அக்லயாதான்.

"அத்தான், அக்கா வாராவாரம் சொன்ன கணக்க நானும் எழுதி வச்சுப் பாத்தேன், இங்க வீட்ட வித்தாச்சு, வியாழக்கிழம உங்க எதிர் வீட்டுக்குக் குடி வரேன்."