பித்தளை அண்ணாச்சி கழற்றிய கிராங்க்

விருதுநகர் மாவட்டத்திலேயே சைக்கிளைக் கண்டு பயந்த ஒரே சைக்கிள் கடைக்காரர் பித்தளை அண்ணாச்சிதான். பஞ்சரான டியூபைக்கூட இரண்டு கையாலும் ஏந்தித்தான் கொண்டுபோவார்.

ஏழாயிரம்பண்ணை போகிற ரோட்டில், கிளைப்பாதை பிரிகிற ஒரு விலக்கு. அங்கே அவர் கடை. அதற்கு முன்னால் இருபது வருஷம் பயராபீஸில் வேலை. பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மருந்து இருக்கிற அறையில் இரும்பும் இரும்பும் மோதக் கூடாது. பொறி பறக்கும். பித்தளைச் சாமான்தான் புழங்க வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு. நாலு பேருக்கு மேல் உள்ளே கூடாது. இடி இடித்தால் எல்லாரும் வெளியே.

அண்ணாச்சி வேலையை விட்டார். ரூல்ஸை விடவில்லை. அத்தனையையும் சைக்கிள் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பயராபீஸை விட்டு வந்தவரிடம் எங்கள் பக்கம் அதைக் கேட்கிற வழக்கமில்லை.

கடைக்குள் போகிறவர் செருப்பைக் கழற்ற வேண்டும். வாசலில் ஒரு செப்புத் தகடு. உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகலாம். பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாம் வேப்பமரத்தில் தொங்கும் வாளியில். ஒருமுறை ரோட்டில் லாரி டயர் வெடித்தது. அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரை டிரைவர் மேல் ஊற்றிவிட்டுத்தான் என்ன ஏது என்று விசாரித்தார்.

இன்னொரு நாள் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் வந்தார். உள்ளே ஏற்கெனவே நாலு பேர்.

"நீங்க அஞ்சாவது ஆளு. வெளிய நில்லுங்க."

"ஏலே, இது என் கட்டடம்லே!"

"அப்பம் நீங்கதான் ரொம்ப சூதானமா இருக்கணும். வெளிய நில்லுங்க."

முக்கால் மணி நேரம் நின்றார்.

நான் சைக்கிளில் சேலை விற்கிறவன். அந்த வருஷம் ரம்ஜான் நோன்பும் தீபாவளியும் ஒட்டி வந்தன. பயராபீஸில் போனஸ் போடுகிற நாள்தான் எனக்குச் சீசன். அன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கேட் திறக்கும். வெளியே வருகிற பெண்கள் கேட்டிலேயே சேலை எடுத்துவிடுவார்கள். அந்த ஒரு நாளை நம்பித்தான் சரக்குப் பிடித்திருந்தேன். தவறினால் அடுத்த தீபாவளிவரை அந்த மூட்டைதான் எனக்குத் தலையணை.

அன்று காலையில், விலக்குக்கு ஒரு மைல் முன்னால், பெடல் நின்றுவிட்டது. மிதித்தால் கல். அச்சுக்குள்ளே பேரிங் குண்டு உடைந்திருந்தது. அதை மாற்ற கிராங்கைக் கழற்ற வேண்டும். பெடலைத் தாங்கி நிற்கிற இரும்புக் கைதான் கிராங்க். அதை அச்சோடு பூட்டுவது சுண்டுவிரல் மாதிரி ஓர் ஆணி. காட்டர் பின். அது துருவேறி உள்ளேயே ஒட்டிப்போயிருந்தது.

உருட்டிக்கொண்டு போனேன். அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"கடைசியா எப்பம் மிதிச்சீக?"

"இப்பத்தான்."

"சூடா இருக்கும். ஆறட்டும்."

அரை மணி ஆறவிட்டார். டீ வந்தது.

"குடிங்க பாய்."

"நோன்பு, அண்ணாச்சி."

அவர் தன்னுடைய கிளாஸையும் மரத்தடியில் ஊற்றிவிட்டார்.

பிறகு பின்னுக்கு நல்லெண்ணெய் விட்டார். மண்ணெண்ணெய் ஆகாது. தீப்பிடிக்குமாம். விரிப்பின் மேல் மரக்கட்டை வைத்து, பித்தளைச் சுத்தியலால் ஓர் அடி. காதை வைத்துக் கேட்டார். இன்னோர் அடி. மறுபடி காது. மணி பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. அந்தப் பின் அசையவில்லை. சுத்தியலின் தலைதான் நசுங்கிக் காளான் மாதிரி ஆனது.

எதிரே வெல்டிங் பட்டறை. பட்டறைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, வண்டியத் தாலாட்டுதீகளா? இங்கன கொண்டாங்க. கேஸ வச்சு ரெண்டு நிமிசத்துல அறுத்துருவேன்."

"அறுத்தா? புதுக் கிராங்க ஒங்க மாமனாரா தருவாரு?"

"இன்னைக்குள்ள அதக் கழட்டிட்டீகன்னா என் மீசைய எடுக்கேன்!"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"பாய், அவருகிட்ட குடுக்கதுன்னா குடுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

முகத்தைப் பார்த்தேன். நினைப்பார்.

"நீங்களே பாருங்க" என்றேன்.

மணி இரண்டரை. ஆனைக்குட்டம் பக்கம் இடி இடித்தது. வெகு தூரத்தில்.

அண்ணாச்சி சுத்தியலை வைத்தார். எழுந்தார். வெளியே போய் ரோட்டோரப் பாலத்தின் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நாலு மணிக்கு நான் கேட்ல நிக்கணும்!"

"இடி நின்னு அரை மணி ஆகணும். ரூல்சு."

"இது சைக்கிளு, அண்ணாச்சி."

"இடிக்கு அது தெரியுமா?"

எனக்கு வாய் வறண்டுபோயிற்று. பேசிப் பிரயோஜனமில்லை. சைக்கிளைத் தூக்கினேன். அவருடைய மரக்கட்டையையும் சுத்தியலையும் எடுத்தேன். பாலத்துக் கல்லில் அவர் முன்னால் வைத்தேன்.

"அறைக்குள்ளதான வேலை பாக்கக் கூடாது? இது வெட்டவெளி."

யோசித்தார். ரூல்ஸில் இடம் தேடினார். கிடைத்துவிட்டது போலிருக்கிறது. சைக்கிளைப் படுக்க வைத்தார். ஓட்டை போட்ட மரக்கட்டையைக் கிராங்குக்கு அடியில் கொடுத்தார். ஓங்கி ஓர் அடி.

டங்!

அவரே இரண்டடி பின்னால் குதித்தார். பட்டறைக்காரர் ஓடி வந்தார். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் வந்தது. பாலத்துக்கு நாலு பேர் கணக்குக் கிடையாது.

காட்டர் பின் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது.

அண்ணாச்சி கல்லைத் தடவினார். திரும்பிக் கடையின் தரையைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷமாக அவர் போட்ட அடியையெல்லாம் அந்த ரப்பர் விரிப்பு தின்றுகொண்டிருந்தது.

"அடப்பாவி, நீயா!" என்றார் விரிப்பைப் பார்த்து.

"இன்னொண்ணு போடுங்க அண்ணாச்சி!" என்றது கூட்டம்.

டங்! மூன்றாவது அடியில் அந்த ஆணி மரக்கட்டையின் ஓட்டைக்குள் விழுந்தது. கிராங்கைப் பிடித்து இழுத்தார். பழுத்த வாழைப்பழம் சீப்பிலிருந்து வருகிற மாதிரி கையோடு வந்தது. பின்னைத் தலைக்கு மேல் தூக்கி நாலு பக்கமும் காட்டினார். எலெக்சனில் ஜெயித்தவர்கூட அப்படிக் காட்டியிருக்க மாட்டார். கூட்டம் விசிலடித்தது. பட்டறைக்காரர் அதற்கப்புறம் ஒரு வாரம் வாயைத் துண்டால் மூடிக்கொண்டுதான் வெல்டிங் வைத்தார்.

குண்டு மாற்றி, கிரீஸ் வைத்து, புதுப் பின் போட்டு மூன்றே காலுக்கு என்னை ஏற்றிவிட்டார். அதோடு விடவில்லை. கேரியரில் இருந்த மூட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்.

"மிதிங்க பாய்! மிதிங்க!"

மிதித்தேன். ஐந்து மைல். கேட் திறக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அங்கே நின்றேன். அன்று மூட்டை கட்டியிருந்த துணி மட்டும்தான் மிஞ்சியது. அதையும் ஓர் அக்கா விலை கேட்டார்.

அந்தக் கிராங்க் பிறகு ஒருநாளும் தகராறு செய்ததில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் கடையில் இறங்கிவிடுவேன்.

"ஏதோ சத்தம் கேக்கு, அண்ணாச்சி."

அவர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து தேடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அரை மணி ஆகும்.

"ஒண்ணும் இல்லையே, பாய்."

"அப்பம் அடுத்த வாரமும் ஒருக்கா பாத்துருவோம்" என்பேன்.