முள்ளு என்ன சொல்லுது?

உலகத்தில் முள் இல்லாத எதையும் நம்பாத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் பெரம்பலூரில் எங்கள் தெருவில், எனக்கு எதிர் வீட்டில் இருக்கிறார்.

ரோஜா முள்ளையோ மீன் முள்ளையோ சொல்லவில்லை. மீட்டர் முள்ளைச் சொல்கிறேன். வீடு வீடாகப் போய் கரண்ட் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர் அவர். முள் வைத்த மீட்டர்கள் போய் எண் ஓடும் மீட்டர்கள் வந்ததைச் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தது போல எடுத்துக்கொண்டவர். வெயில் கொளுத்துகிறது என்று யாராவது சொன்னால், "முள்ளு என்ன சொல்லுது?" என்பார். பசிக்கிறது என்று பேரன் அழுதாலும் அதே கேள்விதான். அதனால் எங்கள் தெருவுக்கு அவர் முள்ளுக்காரர். அவருடைய சொந்தப் பெயர் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகி வந்தால், இது யார் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்.

அவருக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு: மரத்தடி ரீடிங். வெயிலில் அலையச் சோம்பல்படும் ஆட்கள் சிலர் புளியமரத்தடியில் உட்கார்ந்து, மீட்டரைப் பார்க்காமலே மனதில் தோன்றிய எண்ணை எழுதிவிடுவார்களாம்.

"அத எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரவுண்டா இருக்கும் சார். நூறு, எரநூறு, எண்பதுன்னு முழுசா நிக்கும். நெசமான ரீடிங்கு முழுசா நிக்கவே நிக்காது. பொய்யிதான் சார் ரவுண்டா வரும்."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதும்படி ஆயிற்று.

அவரிடம் அப்பா காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. நிறத்தாலும் குணத்தாலும் அதற்கு எருமை என்று பெயர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கண்ணை மூடும் நேரம் பார்த்து அதைக் கிளப்புவார். என் வீட்டுச் சுவரில் மாட்டிய படங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாயும். பல்செட் போட்டு வைத்த டம்ளர் மேசையில் தானாக நடந்து ஓரத்துக்கு வரும். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், முன்னூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவன், ஒரு எருமையை அடக்க முடியாமல் படுத்துக் கிடந்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்த வண்டி ஒழிய வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

ஆசைக்கு ஒரு வழியும் தெரிந்தது. அவருடைய தங்கை அரியலூரில் வாழ்க்கைப்பட்டவர். தங்கை மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் என்ற முறையில் இவர் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும். எருமை மீது கிளம்பினார். குன்னம் பக்கத்தில் இன்ஜினுக்கு எண்ணெய் ஏறாமல் ஜாம் ஆகி வண்டி நின்றுவிட்டது. வெங்காய லாரி ஒன்றில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து இவர் போய் இறங்குவதற்குள், வேறொரு மாமன் மடியில் வைத்துக் காது குத்தியாகிவிட்டது. இவர் கண்ணில் தாரை தாரையாக நீர். அது வருத்தமா வெங்காயமா என்று சொந்தக்காரர்கள் இன்றுவரை பட்டிமன்றம் நடத்துகிறார்கள்.

அந்தப் பெண்ணுக்குத்தான் இப்போது கல்யாணம். இவருடைய மனைவி செல்லம்மாள் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"மாலை எடுத்துக் குடுக்க வேண்டிய தாய்மாமன் நீங்க. பஸ்ஸுல வாங்க. எருமையிலதான் வருவேன்னு போயி, மறுபடியும் வெங்காய லாரியில எறங்குனீங்க, அன்னிக்கே அத எடைக்குப் போட்டுருவேன்."

"இந்தத் தடவ நிக்காது. எண்ணெய் ஏறலன்னா முன்னாடியே சொல்ல ஒரு முள்ளு வைக்கப் போறேன்."

செல்லம்மாள் என்னிடம் வந்தார். "சார், நீங்க படிச்சவுங்க. அந்த முள்ளு வேல செய்யுமா?"

எண்ணெய்க்கும் எனக்கும் உள்ள உறவு வடையோடு முடிந்துவிட்டது. இருந்தாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "செய்யாதும்மா. வித்துடுறதுதான் நல்லது" என்றேன்.

முள்ளுக்காரர் விடவில்லை. பூலாம்பாடிக்குப் போய், ஓடாமல் கிடந்த டிராக்டர் ஒன்றிலிருந்து எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரைக் குழாயோடு கழற்றி வந்தார். அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, பக்கத்தில் இருந்த பெண்மணி எழுந்து இடம் கொடுத்து, "பச்சப்புள்ளைங்களா?" என்று கேட்டாராம்.

மெக்கானிக் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது டிராக்டர் மீட்டருங்க. நூறு வரைக்கும் போட்டிருக்கு. இந்த வண்டிக்கு அவ்ளோ பிரஷர் வராது. ஓட்டுற ஆளுக்குத்தான் வரும்."

"நீங்க மாட்டுங்க."

"மாட்டிடலாம், இன்ஷா அல்லாஹ். ஆனா குழா கட்டையா இருக்கே. ஹேண்டில்பாருக்கு எட்டாது."

இன்ஜின் தலைக்கு எண்ணெய் போகும் இடத்தில் இருந்த போல்ட்டைக் கழற்றி, அந்த ஓட்டையில் செம்புக் குழாயைப் பொருத்தினார்கள். குழாய் எட்டிய இடம் டேங்குக்குக் கீழே, வலது முழங்காலுக்குப் பின்னால். ஓட்டுகிறவர் முள்ளைப் பார்க்க வேண்டுமானால் முதலில் வண்டியிலிருந்து இறங்க வேண்டும். பின்னால் உட்கார்ந்தவர் குனிந்தால் அழகாகத் தெரியும்.

ஆகவே ஒரு ரீடர் தேவைப்பட்டார். செல்லம்மாள் சீர்த்தட்டுகளோடு பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டார். தெருவில் அடுத்த படித்த ஆள் நான்.

கல்யாணத்தன்று காலையில் நான் பின்னால் ஏறும்போது செல்லம்மாள் ஒரு மஞ்சப்பையை என் கையில் திணித்தார். "சார், வழியில நின்னா மட்டும் பிரிங்க." கனமாக இருந்தது. இட்லி என்று நினைத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

எருமை கிளம்பியது. கவர்னர் ஊர்வலம் போல இருந்தது. சோளக்காட்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"முள்ளு என்ன சொல்லுது சார்?"

"முப்பத்தி எட்டு!"

"இப்ப?"

"முப்பத்தி மூணு!"

"சூடேறுது, எறங்கும். ஒண்ணும் பயமில்ல. இப்ப?"

"இருபத்தி ரெண்டு!"

எதிரே வந்த சிமென்ட் லாரிகள் எங்கள் இருவருக்கும் இலவசமாக முகப்பவுடர் பூசிவிட்டுப் போயின. முகூர்த்தத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவர் விசில்கூட அடித்தார்.

குன்னம் பக்கம் வந்தபோது குனிந்து பார்த்தேன். முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

என் மதியத் தூக்கம் என் கண்முன் வந்து நின்றது. நேரான படங்கள். நகராத டம்ளர். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"முள்ளு என்ன சொல்லுது சார்?"

"இருபது" என்றேன்.

கொஞ்ச தூரம் போனோம். "இப்ப?"

"இருபது."

அவர் இன்ஜினை அணைத்தார். வண்டி சத்தமில்லாமல் உருண்டு ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. இறங்கிக் குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"ரெண்டு தடவையும் ரவுண்டா வந்துச்சு சார்" என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவரே முடித்தார்: "கண்ணாடி பழசாயிருச்சுபோல உங்களுக்கு. மாத்தணும்."

அப்போதுதான் என் வேட்டியைக் கவனித்தேன். முழங்காலுக்குக் கீழே ஒரே கறுப்பு. பயத்தில் கால் வியர்க்கிறது என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி ஆடிய ஆட்டத்தில் செம்புக் குழாய் விரிசல் விட்டு, எண்ணெய் முழுக்க என் மேல் பீய்ச்சியிருந்தது.

அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா சார்! முள்ளு இல்லேன்னா எண்ணெய் போனது தெரிஞ்சிருக்குமா?"

"முள்ளு இல்லேன்னா எண்ணெய் போயிருக்கவே போயிருக்காதுங்க."

"அது வேற விஷயம்" என்றார்.

மஞ்சப்பையைப் பிரித்தோம். இட்லி இல்லை. ஒரு டப்பா இன்ஜின் ஆயில், கிழிந்த சேலைத் துணி, அதில் முடிந்து ஒரு போல்ட். பாய் கழற்றிக் கொடுத்து, இவர் "இனி இது எதுக்கு" என்று குப்பையில் போட்ட அதே போல்ட். எடைக்குப் போடுவேன் என்ற அம்மாள்தான் அதைப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார். எருமை அரியலூர் போய்ச் சேர வேண்டும் என்று அவரும் ஆசைப்பட்டிருக்கிறார். அதை ஒழிக்க நினைத்தது எங்கள் தெருவிலேயே நான் ஒருவன்தான்.

குழாயைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையைப் போல்ட்டால் அடைத்தால் வண்டி போகும். ஆனால் முள் இருக்காது. அவர் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"முள்ளு இல்லாம எப்படி சார்? குருடன் மாதிரி போகச் சொல்றீங்களா? எண்ணெய் ஏறுதான்னு யாரு சொல்லுவா?"

"ஏங்க, அங்க பொண்ணு மணவறையில காத்திருக்குங்க."

"அதுக்குத்தான் பயமே. மறுபடியும் பாதியில நின்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தங்கச்சி முன்னாடி நிப்பேன்?"

நான் தரையில் மண்டியிட்டேன். "போல்ட்ட அர முறுக்கு மட்டும் முறுக்குங்க. வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க. அந்தச் சந்துல எண்ணெய் கசிஞ்சா ஏறுதுன்னுதானே அர்த்தம்? நான் பாத்துச் சொல்றேன்."

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்த மீட்டரிலும் முள் இல்லை. பிறகு எழுந்து, குழாயைக் கழற்றி, போல்ட்டை அரை முறுக்கில் நிறுத்தி, டப்பாவைச் சாய்த்து எண்ணெயை ஊற்றினார். கிக்கரை உதைத்தார். எருமை முக்கியது, முனகியது, பிடித்துக்கொண்டது. என் மூக்கு இன்ஜின் மேல் உரசும்படி குனிந்து நான் போல்ட்டையே பார்த்தேன். சொட்டு வந்தது. பின்னாலேயே இன்னொரு சொட்டு.

"ஏறுதுங்க!" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படிக் கத்தியதில்லை.

"நெசமாவா?"

"நெசமாங்க."

அவர் வேறெதுவும் பார்க்கவில்லை. போல்ட்டை முழுக்க முறுக்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக முள் இல்லாத ஒன்றை நம்பினார். அந்த ஒன்று நான்.

அதன்பிறகு எருமை ஓடவில்லை, பறந்தது. அரியலூர் மண்டப வாசலில் போய் நாங்கள் நின்றபோது மேளக்காரரின் அடி எங்கள் இன்ஜின் சத்தத்தில் ஒரு நொடி தாளம் தப்பியது. முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. தங்கை ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, வெங்காய வாசமே காணோம்?"

வெங்காயம் இல்லாமலே இவர் கண்ணில் தாரை தாரையாக வழிந்தது. பட்டிமன்றம் அன்றோடு முடிந்தது. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுத்தார். மணமகளின் தோடு ஆடும் காதுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பந்தியில் எல்லோருக்கும் அந்த டிராக்டர் மீட்டரைத் தூக்கிக் காட்டி, "இது இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல!" என்று முழங்கினார். என் வேட்டியைப் பார்த்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். செல்லம்மாள் மட்டும் என்னிடம், "சார், முள்ளு சரியா சொல்லிச்சா?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் முள்ளுக்காரர் முந்திக்கொண்டார். "முள்ளும் சரி, சாரும் சரி. கண்ணாடிதான் பழசு." சொன்னபடி மறுவாரம் என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனார். கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறது, மாற்ற வேண்டியதில்லை என்றார் டாக்டர். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு இவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இன்றுவரை இல்லை.

இப்போது எனக்கு பிரஷர். ஆயில் பிரஷர் இல்லை, மற்றது. பார்க்கப் போகும்போதெல்லாம் எருமையில் ஏற்றிக்கொண்டு போவது அவர்தான். எண் காட்டும் மெஷினை நர்சம்மா எடுத்தால், "முள்ளு வச்சது இல்லீங்களா?" என்று கேட்டு அலமாரியிலிருந்து பழையதை எடுக்க வைப்பார். என் கையில் பட்டையைச் சுற்றியதும் குனிந்து மூச்சைப் பிடித்து முள்ளைப் பார்ப்பார். போன வாரம் நர்சம்மா, "நூத்தி நாப்பது, தாத்தா" என்றார்.

"இல்லம்மா, நல்லா பாருங்க. நூத்தி முப்பத்தி எட்டு" என்றார் இவர்.

என் ரீடிங்கை அவர் ஒருநாளும் மரத்தடியில் எழுதியதில்லை.