தராசண்ணனும் என் பதினாறு கிலோவும்

உலகத்தில் வண்டியில் ஏற்றத் தக்கவர்கள், இறக்கிவிட வேண்டியவர்கள் என்று இரண்டே வகை மனிதர்கள்தான் என்று நம்பியவர் எங்கள் தராசண்ணன். நான் எந்த வகை என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

எண்பதுகளில் வளைகுடாவில், முசஃபாவில் ஒரு கராஜில் நான் ஸ்டோர்கீப்பர். அவர் ஃபோர்மேன், யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, தன் தாத்தா வயதுள்ள சொகுசு கார் ஒன்றை வாங்கி வந்து நிறுத்தினார். மகன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு அது புஜைரா மலைச்சாலையில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் தராசண்ணனின் விசா கேன்சல். சண்டை நடக்கிற ஊருக்கு அவர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

"அந்தக் காலத்தில கொம்பனிக்காரன் சேசிஸும் எஞ்சினும்தான் குடுத்தவன், தம்பி. மேல்கூடு கட்டினது வேற ஆள். காசுக்காரர் மரம், கண்ணாடி, சோபா எண்டு ஏத்தி ஏத்தி ஓட்டத்தைக் கெடுத்துப் போட்டினம். எஞ்சினில பிழையில்ல. ஏறி இருக்கிறவையிலதான் பிழை."

வெங்காயக் கடைத் தராசு ஒன்று கராஜுக்குள் வந்தது. தராசண்ணன் கதவுக் கைப்பிடியை எடை போட்டார். சீட்டைக் கிழித்து உள்ளே இருந்த குதிரைமுடியை எடை போட்டார். நான் டீ குடித்துவிட்டு வந்தால், வண்டிமேல் சாயாதே என்பார்.

ஆறு மாதம் கழித்து மலையில் சோதனை ஓட்டம். மாப்பிள்ளை எழுபத்திரண்டு கிலோ. அதே எடையில் ஒருவன் பின்சீட்டில் உட்கார வேண்டும்.

"நீர் எத்தனை கிலோ?"

"எழுபத்திரண்டுண்ணே."

ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் வீடுகளுக்கு எழுதிய எடை அது. எழுதி எழுதி நானே நம்பிவிட்டேன். உண்மையில் எண்பத்தெட்டு. ஆணியைக்கூட எடை போடாமல் நம்பாத மனிதர், என் வாய்வார்த்தையை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

பாதி ஏற்றத்தில் கார் இருமி நின்றுவிட்டது. டிரைவர் கான் பாய் பானெட்டைத் திறந்து, என் காதருகே சொன்னார்.

"வெயில்ல பைப்புக்குள்ள பெட்ரோல் கொதிக்குது, பாய். ஆறினா போகும். எடைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

மேலே காத்திருந்த அர்பாப் ஜீப்பில் இறங்கி வந்தார். என்ன கோளாறு என்று இந்தியில் கேட்டார். தராசண்ணன் நோட்டைப் புரட்டினார். ஆறு மாதம் குதிரைமுடியை எடை போட்டவன் ஒரு பைப்பைக் கவனிக்கவில்லையா என்று அர்பாப் கேட்டால் கலாஸ், கதை முடிந்தது, அடுத்த விமானம்தான். நான் என் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு போய் நின்றேன்.

"தப்பு என்னோடது. நான் எழுபத்திரண்டு இல்ல. எண்பத்தெட்டு."

அர்பாப் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் பைப் ஆறிவிட்டது. என்னை இறக்கிவிட்ட கார் ஒரே மூச்சில் உச்சிக்குப் போனது. நான் வெயிலில் நடந்தே ஏறினேன். கல்யாணத்தன்று கான் பாய் யாருக்கும் தெரியாமல் அந்தப் பைப்பில் ஈரச்சாக்கு சுற்றினார்.

சோதனை நாளன்று நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது, உச்சியில் தராசண்ணன் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். "பாத்தீரே? நான் அப்பவே சொன்னனான். பதினாறு கிலோப் பொய்! நீரெல்லாம் மனிசனோ?" என்று நாங்கள் தங்கியிருந்த கேம்ப் வரும்வரை திட்டினார்.

நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். அவரை அந்தக் கராஜிலேயே வைத்துக்கொள்ள இன்னும் பத்து கிலோ தேவைப்பட்டிருந்தால், அதையும் ஒப்புக்கொண்டிருப்பேன்.