இரு தொட்டிகளுக்கு இடம் கண்ட படலம்

வாழ்க இடமறி செம்மல். நட்டுக்கும் போல்ட்டுக்கும் தனித்தனி நாடு பிரித்துக் கொடுத்தவரும், பேரிங்குப் பெருங்குடியினரை அளவு வாரியாக அலமாரியில் அமர்த்தி அமைதி காத்தவரும், மின்சாரம் போன வேளையிலும் கேட்ட பொருளைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்து நீட்டும்படி ஒரு மாபெரும் இயந்திரக் கிடங்கை இளமை தொடங்கி முடி நரைக்கும்வரை ஆண்டவரும், ஓய்வு என்னும் இரக்கமற்ற ஆணை வந்தபோது சாவிக்கொத்தை இன்னொருவர் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வீடு வந்து சேர்ந்தவருமாகிய அப்பெருந்தகை வாழ்க. அவர் கொற்றம் ஓங்குக. அவருடைய இடுப்பு வலியும் சீக்கிரம் குணமாகட்டும்.

முதற்கண் மூடியை வணங்குகிறோம். உள்ளிருப்பதை ஊரறியாமல் மறைப்பதும், ஈப்படைக்கும் எறும்புப்படைக்கும் எதிரே மதிலாய் நிற்பதும், நேற்றைய சமையலின் குற்றங்களையெல்லாம் தன்னுள் அடக்கிக்கொண்டு வெளியே ஒன்றும் நடவாததுபோல் பளபளப்பதும் ஆகிய மூடியே, இக்காவியத்தைக் காத்தருள்க. அடுத்துச் சக்கரங்களை வணங்குகிறோம். இவ்விரண்டும் துணை நின்றால் கதை தடையின்றி நடக்கும். இரண்டும் துணை நிற்கவில்லை.

செம்மல் வீடு திரும்பிய நாள்முதல் அவ்வீட்டில் அவருக்கென்று ஓரிடம் வாய்க்கவில்லை. கூடத்தில் அமர்ந்தால் துடைப்பம் வந்தது. துடைப்பம் போனதும் ஈரத்துணி வந்தது. ஈரம் காயட்டும் என்று படுக்கையறைக்குப் பெயர்ந்தால் அங்கே மெத்தையுறை மாற்றும் நேரமாயிருந்தது. வாசற்படியில் குந்தினால் வருவோர் போவோரெல்லாம் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். 'கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்களேன்' என்று வீட்டார் மரியாதையாகத்தான் சொன்னார்கள். வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். ஆயிரமாயிரம் பொருள்களுக்கு இருக்கை வகுத்த மனிதர் தமக்கொரு இருக்கை வகுக்க வழியின்றி, மடக்கு நாற்காலியைக் கையில் தூக்கிக்கொண்டு சொந்த வீட்டுக்குள்ளேயே நாடோடியாய்த் திரிந்து, முடிவில் வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், துணி காயும் கொடியைத் தாண்டி, குழாயடியை ஒட்டி, பொழுதெல்லாம் நிழல் நிற்கும் ஒரு மூலையைக் கண்டடைந்தார். அங்கே உட்கார்ந்தால் மட்டும் அவரை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

இங்ஙனம் நாள்கள் செல்லுங்காலை, நகராட்சி வண்டியிலிருந்து இரு பெருங்கலன்கள் அவ்வீட்டு வாசலில் வந்து இறங்கின. ஈரக்குப்பை விழுங்கப் பச்சையன். காய்ந்த குப்பை விழுங்க நீலன். இடுப்பளவு உயரமும், இருவர் கட்டிப்பிடிக்கும் சுற்றளவும், முதுகுப்புறம் கைப்பிடியும், காலடியில் உருளைகளும் கொண்ட அவ்விரு பூதங்களையும் உள்ளே உருட்டிவிட்ட ஊழியர், இனி வாளியில் வைத்தால் எடுக்க மாட்டோம் என்று அறிவித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். சமையலறை மூலையில் சிற்றரசனாய் வீற்றிருந்த பழைய சிவப்பு வாளி அன்றோடு அரசிழந்தது. அதில் இப்போது துணி ஊறவைக்கிறார்கள்.

மனையரசி வந்தார். அரைச்சொல்லில் அகத்தை ஆள்பவரும், முழுச்சொல் பேச நேர்ந்தால் பாத்திரங்களைக் கொண்டு பேசுபவருமாகிய அவ்வம்மையார், கூடத்தின் நடுவே நின்ற இரு பூதங்களையும் ஒருமுறை சுற்றிவந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தம் கணவரைப் பார்த்தார்.

"எத எங்க வைக்கணும்னு சொல்றதுதானே உங்க வேலையா இருந்துச்சு. இதுக்கு ஒரு இடம் பாத்துச் சொல்லுங்க."

ஓய்வுபெற்றபின் அவரிடம் ஒருவர் ஒரு வேலை சொன்னது அதுவே முதல்முறை. முரசொலி கேட்ட முதுயானைபோல் செம்மலின் செவிகள் விடைத்தன; துருவேறிக் கிடந்த அறிவு எண்ணெய் கண்டு சுழலத் தொடங்கியது; அலமாரிப் பெரும்பரப்புகளும் அடுக்குமுறைச் சாத்திரங்களும் அவர் கண்முன் அணிவகுத்து நின்றன. இதில் வென்றால் தாமும் இவ்வீட்டில் ஓர் ஆள் என்று ஆகிவிடும் என்று அவர் நினைத்தார். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பின்னர்க் கூடத்தின் நடுவில் நின்று, திசை நான்கும் கேட்கப் பிரகடனம் செய்தார்.

"நான் இடம் சொல்ற வரைக்கும் யாரும் இதத் தொடக் கூடாது."

யாருக்கும் தொடும் எண்ணம் இருக்கவில்லை.

கிடங்கு நூல் கூறும் முதல் விதி யாதெனில், அடிக்கடி வெளியே போகும் பொருள் வாசலுக்கு அருகே இருக்கவேண்டும் என்பது. குப்பையைப்போல் தவறாமல் வெளியே போகும் பொருள் இப்பூவுலகில் வேறு உண்டோ? ஆகவே செம்மல் இரு பூதங்களையும் வாசற்கதவுக்கு இருபுறமும் துவாரபாலகர்போல் நிறுத்தி, மனையரசி நீட்டிய சிவப்பு வாளியின் நேற்றைய குப்பையைப் பச்சையனுக்கு ஊட்டி, அழகு பார்த்து, உள்ளே போய்க் காபி குடித்தார். குடித்து முடிக்குமுன் பக்கத்து வீட்டுப் பழுப்பு நாய் படையெடுத்தது. எதிர்ப்பார் இல்லாத கோட்டையைக் கண்ட வேற்றரசனென அது பாய்ந்து, முன்னங்கால் இரண்டாலும் பச்சையனை மார்பில் உதைத்து மல்லாத்தி, அவன் வயிற்றிலிருந்த செல்வங்களைத் தெருவின் அகலத்துக்குக் கடைவிரித்தது. அந்த வீட்டில் நேற்று என்ன சமைத்தார்கள், அதில் எவ்வளவு பிடிக்காமல் கொட்டினார்கள் என்பதைத் தெரு முழுவதும் நின்று நிதானமாய்த் தெரிந்துகொண்டது. மனையரசி உள்ளே போனார். அங்கே ஒரு குக்கர் மூடி வேண்டியதைவிட ஓங்கி வைக்கப்பட்டது. செம்மல் தாமே எல்லாவற்றையும் கூட்டி அள்ளினார்.

தோல்வி கண்டு துவள்பவரல்லர் நம் செம்மல். அளவுநாடாவை வாளென உருவினார். மாடிப்படியின் அடிவயிற்றில் ஓர் இருண்ட குகை உண்டு. தண்ணீர் மோட்டாரும் ஓட்டைக் குடையும் தவிர அங்கே குடியிருப்பார் எவருமிலர். அதன் உயரத்தை அளந்தார். பூதத்தின் உயரத்தை அளந்தார். ஒன்றுக்குள் ஒன்று ஒரு விரற்கடை மிச்சத்தில் அடங்குமென்று கண்டார். முழந்தாளிட்டு, மூச்சடக்கி, பச்சையனையும் நீலனையும் உள்ளே தள்ளியபோது, அவை உறையில் புகும் வாள்களென வழுக்கிச் சென்று சுவரில் மெல்ல முட்டி நின்ற ஓசை, கிடங்கில் கடைசிப் பெட்டி அலமாரியில் அடங்கும்போது எழும் அதே ஓசையாயிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்நேரம் மனையரசி வாழைப்பழத் தோலொன்றைக் கையில் ஏந்தி வந்து, குனிந்து, பச்சையனின் மூடியைத் தூக்கினார். மூடி எழுந்தது; எழுந்த வேகத்தில் மேலிருந்த படியின் அடியில் மோதியது; மோதிய வேகத்தில் திரும்பி வந்து மூடிக்கொண்டது. மீண்டும் தூக்கினார். மீண்டும் அவ்வாறே. இதனை ஏன் செம்மல் எண்ணிப் பார்க்கவில்லை என்று கேட்பீராயின், கூறுவோம். அவருடைய கிடங்கில் பெட்டிகள் மூடியபடியே வந்தன, மூடியபடியே போயின. மூடியைத் திறப்பது அவர் வேலையல்ல. திறந்திருந்தால் வேலை போயிருக்கும். பெட்டி என்பது திறப்பதற்கும் உரியது என்னும் எண்ணமே அவ்வறிவுக் களஞ்சியத்துள் ஒருநாளும் நுழைந்ததில்லை.

"ஒவ்வொரு தடவையும் வெளிய இழுத்து, தொறந்து, போட்டு, மூடி, உள்ள தள்ளணுமா?" என்று மனையரசி கேட்டார். கேள்வியில் கோபம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. கோபமாயிருந்தால் தேவலை என்று செம்மலுக்குத் தோன்றியது.

மூன்றாம் போர் கொல்லைப்புறத்தில் மூண்டது. அங்கே நாய் வராது. மூடிக்கு மேலே வானம் தவிர ஏதுமில்லை. சமையலறைக் கதவும் எட்டும் தூரம். வெற்றித் திருமகள் மாலையோடு பின்வாசலில் வந்து நின்றுவிட்டாள் என்றே செம்மல் நம்பினார். ஆனால் அவர் எந்தச் சுவரோரம் பூதங்களை நிறுத்தினாரோ அச்சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குள் ஒரு கட்டில் இருந்தது. கட்டிலில், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துவிட்டு வந்த மருமகள், பகலை இரவாக்கி உறங்கிக்கொண்டிருந்தாள். நண்பகல் வெயிலில் பச்சையன் பெருமூச்சு விட்டான். அம்மூச்சு ஜன்னல் வழியே ஒற்றனென நுழைந்தது. சற்று நேரத்தில் மருமகள் கலைந்த தலையும் சிவந்த கண்களுமாய்ப் பின்வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, அங்கதான் ராத்திரி பூரா இந்த வாடையா இருக்கு. இங்கயாவது கொஞ்சம் தூங்கிக்கிறேனே."

ஆயிரம் அம்பு பட்டாலும் அசையாத செம்மல், கெஞ்சலாய் வந்த அந்த ஒரு சொல்லில் சாய்ந்தார். அவள் திட்டவில்லை, அவர் பெரியவர் என்பதால் சிரிக்கவும் முயன்றாள். "நீ போய்ப் படும்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் பச்சையனையும் மறு கையில் நீலனையும் பற்றி இழுத்துக்கொண்டு, இடுப்பில் பழைய வலி கொக்கி போட, உருளைகள் கல்லுக்குக் கல் தடுக்க, அவர் பக்கவாட்டுச் சந்துக்குள் பின்வாங்கினார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். எதிரே இரு தொட்டிகளும் நின்றன.

நெடுநேரம் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனர். பொழுதுபோகாமல் செம்மல் கையை நீட்டிப் பச்சையனின் மூடியைத் தூக்கினார். அது முழுவதுமாய்த் திறந்து, மதிலில் சாய்ந்து, விட்ட இடத்தில் நின்றது. அவர் நிமிர்ந்தார். சந்தில் காற்று வீட்டைத் தொடாமல் தெருவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வெயில் படவில்லை. கழுவக் குழாய் இருந்தது. கழுவிய நீர் ஓடச் சாக்கடை இருந்தது. சந்தின் கதவைச் சாத்தினால் நாய் வராது. திறந்தால் நேர்கோட்டில் தெரு. ஜன்னல் ஒன்றுகூட இப்பக்கம் இல்லை. கிடங்கு நூலின் விதிகளெல்லாம் ஒன்றுகூடி வந்து அம்மூலையைச் சுட்டிக்காட்டின, அதில் அவர் உட்கார்ந்திருந்தார்.

அக்கணம் அவர் நெஞ்சக் களத்தில் மூண்ட போரை எந்நாவால் உரைப்போம்! ஒருபுறம், சொல்லாமல் விட்டுவிடு, யாருக்கும் இந்த மூலை நினைவில் இல்லை, தொட்டியை எங்கேனும் தள்ளிவிட்டு உன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள், இது போனால் உனக்கு வேறு ஏது என்று கூக்குரலிட்டது ஒரு சேனை. மறுபுறம், பொருளுக்கு உரிய இடம் இதுவென்று தெரிந்தபின் வேறிடத்தில் வைப்பவன் கிடங்குக்காரனா என்று கேட்டது ஒரே ஒரு குரல், அதுவும் ஓங்காமல். சேனை பெரிது, குரல் பழக்கமானது. செம்மல் எழுந்தார். நாற்காலியை மடக்கினார். பச்சையனை நாற்காலி இருந்த இடத்தில் நிறுத்தி, நீலனை அருகே வைத்து, இரண்டையும் ஒரே கோட்டில் சீர்செய்தார். அவருக்கு அழவேண்டும்போல் இருந்தது, அழவில்லை.

"இடம் கெடச்சுருச்சு" என்று சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

மனையரசி வந்து பார்த்தார். மூடியைத் திறந்தார், மூடினார், காற்றை முகர்ந்தார், கதவுவரை ஒரு தொட்டியை உருட்டித் திரும்பக் கொண்டுவந்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பிறகுதான் கணவரின் கக்கத்திலிருந்த நாற்காலியைக் கண்டார்.

"அப்ப நீங்க?"

"எனக்கென்ன. எங்கயாவது உக்காந்துக்குவேன்."

மனையரசி உள்ளே போனார். செம்மல் நாற்காலியோடு கூடத்துக்குப் போனார். அங்கே தரை ஈரமாயிருந்தது. ஈரம் காயும்வரை நிற்கலாமென்று சுவரில் சாய்ந்து நின்றார். வெற்றி பெற்ற வேந்தர் இப்படி நின்றதாக எந்தப் பரணியும் பாடவில்லை. சமையலறைக்குள் ஏதோ கனமான ஒன்று தரையில் இழுபடும் ஓசை கேட்டது. பாத்திரம் எதுவும் பேசவில்லை.

"என்னங்க, அந்தச் சேரத் தூக்கிட்டு இங்க வாங்க."

தண்ணீர் குடிக்கவன்றி ஆடவர் எவரும் அடிவைத்தறியாததும், அடிவைத்தவரும் 'வழியை விடுங்க' என்னும் ஆணை கேட்டு அக்கணமே புறமுதுகிட்டதுமாகிய அவ்வருங்கோட்டையின் நிலைப்படியில் செம்மல் தயங்கி நின்றார். ஜன்னலோரம் இத்தனை காலமாய் அசையாதிருந்த எண்ணெய் டின் அங்கே இல்லை. அது இருந்த இடம் துடைக்கப்பட்டு, அளவெடுத்ததுபோல் ஒரு நாற்காலிக்குக் காலியாயிருந்தது.

"இங்க உக்காருங்க. இங்கேர்ந்து உங்கள யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றார் மனையரசி, அடுப்பைப் பார்த்தபடி.

அவ்வாறே, ஆவி பறக்கும் அடுப்பே அரசவை விளக்காக, அடுக்கடுக்காய் நின்ற டப்பாக்களே அமைச்சராக, தாளிக்கும் ஓசையே முரசமாக, ஜன்னல் காற்றே கவரியாக, நாடிழந்து நகரிழந்து கூடமிழந்து சந்துமிழந்து, இறுதியில் ஒருவர் தாமே ஒதுக்கித் தந்த இடத்தைப் பெற்ற இடமறி செம்மல், நாற்காலியை விரித்து, கண்ணாடியைச் சரிசெய்து, இனி எவரும் அசைக்கவொண்ணா அரியணையில் முதுகு நிமிர்ந்து வீற்றிருந்தருளினார்.

அவர் மனைவி ஒரு தட்டு நிறைய வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொன்னார்.