கோல்கீப்பரை மெல்பேணுக்கு அனுப்பி வைத்தவர்

சிட்னித் தமிழரிடையே "எனக்கு உள்ளுக்குத் தெரியும்" என்றொரு இனம் உண்டு. வாசகரே, நீங்கள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. கோயில் கார் தரிப்பிடத்தில் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், அதுவே வரும். வந்து இடப்பக்கம் பார்க்கும், வலப்பக்கம் பார்க்கும், குரலைத் தாழ்த்தி, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று தொடங்கும். அன்று காலையே பதினொரு பேருக்கு அதைச் சொல்லியிருக்கும்.

இந்த இனத்தின் திலகம் கேதீஸ்வரன். பரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. அது அவருக்கு உபதொழில். யாருக்கு விசா கிடைத்தது, யார் வீடு விற்கிறார் என்பதெல்லாம் சலித்துப்போய், இப்போது ஹொக்கியில் இறங்கியிருந்தார். ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. அது எதற்கு? ஆட்டம் பார்ப்பவனுக்கு ஆட்டம் மட்டும்தானே தெரியும்!

காரணம் ஹரிப்பிரியா. இருபது வயது, சிட்னிக் கழகமொன்றில் சம்பளத்துக்கு ஆடும் கோல்கீப்பர், தேவராஜாவின் மகள். பழைய ஒப்பந்தம் முடிந்து, புதியதில் கையெழுத்திட இன்னும் பத்து நாள் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஹரிஸ் பார்க் இனிப்புக் கடையில் தேவராஜா மூன்று கிலோ லட்டு வாங்கிக்கொண்டு நின்றதைக் கேதீஸ்வரன் கண்டார். மூன்று கிலோ! விஷயம் இல்லாமல் எந்தத் தமிழன் மூன்று கிலோ வாங்குவான்? ஒப்பந்தம் முடிந்த பிள்ளையையும் லட்டையும் கூட்டிப் பார்த்தார், விடை மெல்பேண் என்று வந்தது.

"என்ன தேவராஜா, மகள் மெல்பேண் கிளப்புக்கு மாறுறாவாமே?"

"ஆரண்ணை சொன்னது? அப்பிடி ஒண்டும் இல்லை. இது என்ர வேலையிடத்துக்கு."

கேதீஸ்வரனுக்கு உடல் சிலிர்த்தது. கண்ணூறு படும் என்று, விமானம் ஏறி இருக்கைப் பட்டி கட்டும்வரை "ஒண்டும் இல்லை" என்பவர்கள் நாங்கள். எனவே நம்மவர் வாயில் "இல்லை" என்று வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருள். "ஓம், கதைச்சுக்கொண்டிருக்கிறம்" என்று அந்த மனிதர் சொல்லியிருந்தாலாவது இவர் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பார்.

உடனே மெல்பேணில், டண்டினொங்கில் இருக்கும் நண்பர் அருந்தவனுக்கு ஒரு அழைப்பு, ரகசியமாக. செவ்வாய்க்கிழமை அந்தச் செய்தி நாலு வீடு சுற்றிக் கேதீஸ்வரனிடமே திரும்பி வந்தது. "பாத்தியளோ, மெல்பேண்காரரும் அதைத்தான் சொல்லினம்!" என்று மனைவியிடம் பூரித்துப்போனார். அந்தச் செய்தி தான் பெற்ற பிள்ளை என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு தமிழ்ச் சங்கம் மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்தது. பாராட்டு விழா என்று சொல்லித்தான் குடும்பத்தை அழைத்தார்கள். மேடையின் பின்னால் "மெல்பேண் செல்லும் எங்கள் வீராங்கனைக்குப் பிரியாவிடை" என்று பதாகை. ஹரிப்பிரியா அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் கேதீஸ்வரன் பொன்னாடையைப் போர்த்திவிட்டார்.

"அங்கிள், ஐம் நொட் கோயிங் எனிவேர்! நான் எங்கயும் போகேல்லை!"

"பிள்ளையின்ர அடக்கத்தைப் பாருங்கோ!" என்றார் கேதீஸ்வரன் ஒலிவாங்கியில். மண்டபம் கைதட்டியது.

படம் அன்று மாலையே பேஸ்புக்கில் ஏறியது, ஆங்கில விளக்கத்தோடு. திங்கட்கிழமை கையெழுத்திடப் போனவளுக்கு முகாமையாளர் தன் தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினார். மாலையும் பதாகையும் பொன்னாடையுமாக ஊரே கூடி வழியனுப்பிய ஒருத்தி, போகவில்லை என்றால் யார் நம்புவார்கள்? எங்களுக்குத் தெரியாமல் பேரம் பேசியிருக்கிறாய் என்றார்கள். அவளுடைய இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள். ஏழு வயதிலிருந்து மழையிலும் குளிரிலும் பந்துக்கு முன்னால் விழுந்து எழும்பிய பிள்ளை, காருக்குள் இருந்து குமுறிக் குமுறி அழுதது. கேட்டவர்களுக்கு வயிறு எரிந்தது.

கேதீஸ்வரனுக்கு மட்டும் எரியவில்லை. இரண்டு மாதத்தில், வேறு வழியின்றி, மெல்பேண் கழகமொன்றில் மாற்று கோல்கீப்பராக, பாதிச் சம்பளத்துக்கு அவள் புறப்பட்டபோது, அழையாமலே விமான நிலையத்துக்கு வந்து நின்றார்.

"நான் அப்பவே சொன்னனான் தானே!"

தேவராஜா மகளின் பையைக் கீழே வைத்தார். "ஓமண்ணை. நீங்கள் சொன்னபடியாலதான்."

கேதீஸ்வரன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, வீடு திரும்பும் வழியில் ஏழு பேருக்குச் சொன்னார்.

சிரிக்கிறீர்கள், வாசகரே. ஆனால் வாசித்தபடியே, இது யாருடைய மகளாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று வீடுகளை மனதுக்குள் எட்டிப் பார்த்தீர்கள் அல்லவா?

"சீச்சீ, இல்லை" என்கிறீர்கள்.

அப்படியென்றால் உறுதிதான்.