நத்தை ராணி வரட்டும்

"வெங்காயம் எதுக்குக் கீழ இருக்கு?" என்று வெங்காய ராணி ஹாஜியா மெமுனா கேட்டதும் செர்வா திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"காய்கறிக்குக் கீழ, ஹாஜியா."

"யாரு அந்தக் காய்கறி ராணி? இந்தக் குமாசிச் சந்தையில நான் பார்த்ததே இல்லையே!"

பார்த்திருக்க முடியாது. தக்காளிக்கு ஒரு ராணி, வெண்டைக்கு ஒரு ராணி, நத்தைக்கு ஒரு ராணி என்று அந்தந்தச் சரக்கு விற்பவர்களின் தலைவியாக ஒருத்தி அங்கே ஆட்சி செய்தாள். மொத்தக் காய்கறிக்கு எவளும் கிடையாது. கல்லூரியில் படித்தபடி சந்தையின் இணையதளத்தில் மேலே ‘காய்கறி’, அதற்கு அடியில் மற்ற பிரிவுகள் என்று செர்வா அமைத்திருந்தாள். இல்லாத ஒருத்தியைக் கொண்டுவந்து எல்லார் தலையிலும் உட்காரவைத்த குற்றம்!

சங்கச் செயலர் ஒபிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு ராணி மறுத்தாலும் தளம் முடிஞ்சதா ஆகாது. ஒப்பந்தத்துல அப்படித்தான் எழுதியிருக்கு."

‘வக்கில்லாதவளே, வீட்டுக்குப் போ’ என்றுதான் அது செர்வாவின் காதில் விழுந்தது. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இதே சந்தையில் தலைச்சுமை தூக்கிப் படிக்கவைத்த அம்மாவை இப்போதுதான் வீட்டில் உட்காரவைத்திருந்தாள். வேலை போனால் அம்மா மறுபடி கூடையைத் தலையில் ஏற்றிவிடுவாள்.

கிளம்பும்போது ஹாஜியா வாச்சே என்னும் பயறுச்சோற்றுப் பொட்டலம் ஒன்றை அவள் பையில் திணித்தாள். "வத்தலாப் போயிட்டே. சாப்பிடு."

திட்டிவிட்டுச் சோறு போடுவது என்ன நியாயமோ!

அடுத்த புதன்கிழமைக் கூட்டத்துக்குள் செர்வா காய்கறியைத் தூக்கி எறிந்தாள். ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பிரிவு, தனிப் பக்கம், தனி நிறம். வரிசை மட்டும் ஆங்கில அகரவரிசை.

"தக்காளி கடைசியா?" என்று தக்காளி ராணி மாமே அஃப்ரகோமா எழுந்தாள். "நான் இல்லாம இந்த ஊர்ல எவ வீட்டுல குழம்பு கொதிக்கும்?"

"அது எழுத்து வரிசை, மாமே!"

"அப்போ எழுத்தை மாத்து. படிச்சவதானே?"

போகும்போது ஒரு கூடைத் தக்காளி கொடுத்தாள்.

மூன்றாம் வாரம் செர்வா பல்லைக் கடித்துக்கொண்டு வேறொன்று செய்தாள். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வரிசை தானாக மாறும்.

"என் போன்ல நான்தான் முதல்!" என்று வெண்டை ராணி மாமே டுஃபி குதித்தாள். பக்கத்து ஆளிடம் காட்ட இன்னொரு தடவை திறந்தாள். கடைசிக்குப் போயிருந்தாள். "ரெண்டு நிமிஷத்துல என்னை இறக்கினது எவ?"

அரங்கமே போனை ஆட்டிக்கொண்டு கத்தியது.

"நாலு வருஷம் கண் முழிச்சுப் படிச்சது இதுக்கா?" என்று செர்வாவும் திருப்பிக் கத்தினாள். "உங்களுக்கு வெப்சைட் வேணாம், சண்டை போட ஒரு ஆள் வேணும்!"

ராணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெண்டைப் பொட்டலம் மட்டும் தவறாமல் வந்தது.

நான்காம் புதன். செர்வா திரையில் ஒரு வட்டம் போட்டிருந்தாள். சுற்றிலும் சரக்குகள். மேலும் இல்லை, கீழும் இல்லை. எது முதல் என்று சொல்ல வழியே இல்லை.

குறை கண்டுபிடிக்க ஹாஜியா திரையை மூக்கால் தொடாத குறை.

"அழகாத்தான் இருக்கு," என்று முனகினாள்.

"அப்போ யாரும் மறுக்கலையா?" ஒபிரி பேனாவைத் திறந்தார்.

செர்வாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை தப்பியது!

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் தக்காளி ராணி, வாசலையே பார்த்தபடி. "நத்தை ராணி வரட்டும்."

"அவங்க எதுக்கு மாமே? நீங்க கையெழுத்துப் போடுங்க!"

மாமே டுஃபி இருமினாள். யாரோ தண்ணீர் கேட்டார்கள். பேனாவில் மை இருக்கிறதா என்று ஹாஜியா விசாரித்தாள்.

அப்போதுதான் நத்தை ராணி மூச்சிரைக்க ஓடிவந்து, வந்த வேகத்திலேயே கையைத் தூக்கினாள்.

"நான் மறுக்கிறேன்! மன்னிச்சுக்கோங்கடி, லாரி லேட்டு. இன்னிக்கு என் முறைன்னு தெரியும். தளம் முடிஞ்சா அன்னிக்கே இந்தப் பொண்ணு வேலையும் முடிஞ்சிடும்னுதானே வாரம் ஒருத்தி மறுக்கணும்னு நாம முறை வச்சோம்!"